தோசைக்கல்லில் கார்லிக் பிரெட்!

நாலு பேரா பீட்சா கடைக்குப் போறீங்க. நடுவுல ஒரு தட்டு கார்லிக் பிரெட். கடைசித் துண்டு மட்டும் மிச்சம். 'நீ எடுத்துக்கோ மச்சி'ன்னு வாய் சொல்லும். கண்ணு தட்டை விட்டு நகராது. சரிதானே?

இனிமே அந்த அவஸ்தை வேணாம். ஓவன் இல்லையா? தோசைக்கல் போதும் பாஸ்!

ஆறு ஸ்லைஸ் பிரெட், மூணு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், எட்டு பல் பூண்டு, கொஞ்சம் கொத்தமல்லி, மிளகுத்தூள். அவ்வளவுதான். உப்பு வெண்ணெய்னா தனியா உப்பு வேணாம். நேத்து வாங்கின பிரெட்டா இருந்தா இன்னும் நல்லது. ஈரம் குறைஞ்சிருக்கும், நல்லா மொறுமொறுன்னு வரும்.

பூண்டை நறுக்காம நசுக்குங்க. நசுங்கினா அதுல அல்லிசின் நிறைய உருவாகி, அந்தக் கமகம வாசனை தூக்கலா வரும். வெண்ணெயோட எல்லாத்தையும் குழைச்சு, பிரெட்டுல ஒரு பக்கம் மட்டும் தடவுங்க.

இப்பதான் மேட்டரே! முதல் தடவை நான் அடுப்பைப் பெருசா எரியவிட்டு, வெண்ணெய்ப் பக்கத்தைக் கவுத்துப் போட்டேன். பூண்டு கருகி ஒரே கசப்பு. ஒரு கடி கடிச்ச தங்கச்சி, 'அண்ணா, இது மருந்தா?'ன்னு கேட்டா. மானம் போச்சு!

அதனால வெண்ணெய்ப் பக்கம் மேலே இருக்கட்டும். அடுப்பு சிம்ல. மூடியை லேசாத் திறந்து வெச்சு மூணு, நாலு நிமிஷம் விடுங்க. அடிப்பக்கம் பொன்னிறமாகும்; மேலே வெண்ணெய் உருகி, பூண்டோட பச்சை வாசனை போயிடும். கடைசியா திருப்பிப் போட்டு அரை நிமிஷம். எடுத்துடுங்க!

ஒரு முக்கியமான விஷயம். மிஞ்சின பூண்டு வெண்ணெயை வெளியே வைக்காதீங்க. காத்துப் படாம கொழுப்புக்குள்ள இருக்கற பூண்டுல ஆபத்தான பாக்டீரியா வளரலாம். 1985-ல கனடாவுல வான்கூவர் நகரத்து ரெஸ்டாரன்ட் ஒண்ணுல, ஃப்ரிட்ஜ்ல வைக்காத எண்ணெய்ப் பூண்டால பலர் போட்டுலிசம்ங்கிற விஷ நோயில படுத்துட்டாங்க. அதனால மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மூணு நாளுக்குள்ள காலி பண்ணிடுங்க.

கார்லிக் பிரெட் ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும். சுடச்சுடச் சாப்பிடணும். இதைச் செய்யும்போதுதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இதே கல்லுல நமக்குச் சுடச்சுட தோசை வார்த்துப் போட்ட அம்மா, என்னிக்காவது அதைச் சூடாச் சாப்பிட்டிருக்காங்களா? எல்லாருக்கும் போட்டு முடிச்சு, ஆறிப்போன கடைசி தோசையோடதானே உக்காருவாங்க?

அதனால ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவை ஹால்ல உக்கார வைங்க. முதல் துண்டு அவங்களுக்கு. கல்லுலேர்ந்து நேரா தட்டுக்கு!

கடைசித் துண்டுக்கு நீங்க சண்டை போட்டுக்கலாம். ஓகேவா?