சரளைக்கல் துரை

சேலத்தில் ஒரு சைக்கிள் கடை. கண்ணாடிக்குப் பின்னால் மண் நிறத்தில் ஒரு வண்டி நின்றது. பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, 40 மி.மீ. அகல டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். விலை லட்சத்தைத் தாண்டுகிறது. “கிராவல் பைக்” என்றார் கடைத் தம்பி. சரளை பரப்பிய பாதையில் நாள் முழுக்க அலுக்காமல் மிதிக்கலாமாம். எங்கே போய் மிதிப்பது என்று பத்திக்காரர் கேட்டார்.

“நம்ம பக்கம் அதுக்கு ரோடு இல்லீங்க சார். வெளிநாட்டுல ஆத்தோரமா தனியா பாதை போட்டு வெச்சிருக்காங்க. காரு, பஸ்ஸு எதுவும் வராது.”

“அப்புறம் எதுக்குத் தம்பி இங்க விக்கிறீங்க?”

“வாங்குறாங்களே சார்.”

இந்த வாரம் பத்திக்காரரின் முகம் கடுகடுவென்று இருந்ததற்கு இந்த உரையாடல்தான் காரணம். கடைசிப் பதிலில் அவருக்கு வருத்தமில்லை, வியாபாரம் வியாபாரம்தான். முதல் பதில்தான் உறுத்தியது. ஆற்றோரமாக வண்டி போக நம் பக்கம் பாதையே இல்லையா?

உண்டு. கொங்கு நாட்டில் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போக மண் தடம். வாய்க்கால் கரை உண்டு. மேட்டூர் அணையிலிருந்து பிரியும் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. அந்தப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் மட்டும் 200 கி.மீ. நீளம். அதற்குக் கான்கிரீட் பூசலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து போராடியதை நாடறியும். பூசினால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்பது ஒரு கட்சி. கசிவு நின்றால் கிணறு வற்றும், கரையில் உள்ள மரம் போகும் என்பது இன்னொரு கட்சி. பத்திக்காரர் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. தார், கான்கிரீட், பேவர் பிளாக் மூன்றின் மீதும் அவருக்குள்ள பகை, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. கொலு பொம்மையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் நடுவில் பேவர் பிளாக் வந்துவிடுகிறது என்று ஆசிரியரே கேலி செய்வதுண்டு.

இத்தாலியில் இதே பகை உள்ள ஒருவர் இருந்தார். ஜியான்கார்லோ புரோச்சி என்பது பெயர். டஸ்கனி மாநிலத்தின் வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்படுவது பொறுக்காமல், 1997இல் ‘லெரோயிகா’ என்று ஒரு சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பித்தார். பழைய காலத்து சைக்கிள், பழைய காலத்து உடை, தார் படாத சாலை. முதல் ஆண்டு வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. இன்று உலகமெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்தச் சாலைகளும் பிழைத்தன.

நம் ஊருக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காடு போக இரண்டு வழி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய், குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறிப் போவது மற்றொன்று. மழைக்குப் பாறை உருண்டு முதல் வழி அடைபடும்போதுதான் ஊருக்கு இரண்டாவது வழியின் ஞாபகம் வரும். மழை வலுத்தால் அதிலும் மண் சரியும். மற்ற நாட்களில் அது சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்த வரம். தார் ரோடுதான், ஆனாலும் ஹாரன் சத்தம் குறைவு. அதற்கும் கோடை விழா வந்தால் கேடு. ஏறுபவர்கள் அடிவாரம் வழி, இறங்குபவர்கள் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதையாக்கி, மலையிலுள்ள கார்களையெல்லாம் குப்பனூர்க்காரர்களின் வாசல் வழியாக இறக்கிவிடுவார்கள். இதைப் பற்றித்தான் இந்த வாரம் விரிவாக எழுதுவதாக இருந்தது.

ஆனால் சரளை என்ற பேச்சு எழுந்ததுமே பத்திக்காரரின் மனம் குப்பனூர் வழியில் ஏறி, ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் போய் நின்றுகொண்டது. பழைய வாசகர்கள் பெருமூச்சு விடலாம். ஆமாம், மறுபடியும் புரூஸ் ஃபூட்தான்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளைப் பார்த்து வரைபடம் போடத்தான் அவருக்குச் சம்பளம். 1863ஆம் ஆண்டு மே 30, கத்தரி வெயில். பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளை வெட்டியெடுத்த ஒரு குழியில் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணில், மற்றக் கற்களோடு சேராத ஒரு கல் பட்டது. யாரோ இரண்டு பக்கமும் தட்டித் தட்டிக் கூராக்கிய கைக்கோடரி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். ரோடு போடவும் தளம் நிரப்பவும் அந்தக் குழியிலிருந்து எத்தனை வண்டிச் சரளை போயிருக்கும், அதில் எத்தனை கைக்கோடரி போயிருக்கும் என்று நினைத்தால் பத்திக்காரருக்கு இன்றும் வயிறு எரிகிறது.

28 வயது இளைஞனுக்கு அது வெறும் கல் இல்லை என்று எப்படித் தெரிந்தது? விடை பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அபேவில் ஊர்ச் சுங்க அதிகாரி பூஷே த பெர்த், ஆற்றுச் சரளையில் கிடைத்த கைக்கோடரிகளைக் காட்டி, அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதன் இருந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறிஞர்கள் சிரித்தார்கள். 1859இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் நேரில் போய்க் குழியில் இறங்கிப் பார்த்தார்கள், சிரிப்பு அடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த கண்களோடுதான் நாலு வருஷம் கழித்து ஃபூட் பல்லாவரத்துக் குழியில் இறங்கினார். இன்று சோம் ஆற்றங்கரையில், அந்தக் காலத்தில் கரையிலிருந்து படகு இழுத்த தடத்தில், சைக்கிள் பாதை ஓடுகிறது. கடைத் தம்பி சொன்ன வகைப் பாதைதான். கார் வராது. பெர்த்தின் அபேவிலும், கைக்கோடரிகளின் காலமான அசூலியன் கற்காலத்துக்குப் பெயர் தந்த செயின்ட் அசூலைத் தன்னுள் கொண்ட அமியான் நகரமும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன.

ஃபூட்டுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர் யாருமில்லை. குதிரையிலும் நடையிலும் ஊர் ஊராகப் போவது அன்றைய நிலவியலாளர்களின் வழக்கம். கூடாரமும் சட்டிபானையும் மாட்டு வண்டியில் பின்னால் வரும். அதே 1863 செப்டம்பரில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். ஓடையின் அரிப்பில் கைக்கோடரிகள் தாமாகவே வெளியே வந்து கிடந்தன. மறு வருஷம் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை வெளிவந்தது. சேலம் ஜில்லாவின் கல்லை அத்தனை பொறுமையாகப் பார்த்த ஆள், கடைசியில் சேலம் ஜில்லாவிலேயே தங்கியதில் ஆச்சரியமில்லை.

தங்கியதற்கு இன்னொரு காரணம் மாமனார். ஏற்காட்டில் குடியிருந்து 1882இல் அங்கேயே இறந்த பீட்டர் பெர்சிவல்தான் அவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். சென்னையில் ‘தினவர்த்தமானி’ பத்திரிகை நடத்தியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் அச்சிட்டவர். மாமனார் சொல் பொறுக்க, மருமகன் கல் பொறுக்கினார். பெர்சிவல் புத்தகத்தைப் பற்றி ஆரம்பித்தால் பக்கம் போதாது என்பதால் பத்திக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகிறார்.

1891இல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடாவிலும் மைசூரிலும் சமஸ்தான வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பினார். சேர்த்துவைத்த கற்கருவிகளும் பானையோடுகளும் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எழும்பூரில் இன்றும் இருக்கின்றன. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். சாம்பல் ஏற்காட்டுக்கு, முன்பு சொன்ன தேவாலயத்துக்கு வந்தது. இங்கே பத்திக்காரரால் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று: சேர்வராயன் மலையின் பாறையும் பல்லாவரம் குன்றின் பாறையும் ஒரே வகை, சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை அந்தப் பாறையில் செதுக்கியது என்பதால் வந்த பெயர் அது. பல்லாவரம், கல்கத்தா, ஏற்காடு என்று ஃபூட்டின் வாழ்க்கை போன வழியிலெல்லாம் ஒரே கல்.

அத்திரம்பாக்கத்தின் கதை அவரோடு முடியவில்லை. 1999இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். கல்லுக்குள் அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்து, அது மண்ணுக்கடியில் எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணக்கிட்டார்கள். 2011இல் வந்த விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அதே இடத்தின் மேல் அடுக்கில் கருவி செய்யும் முறை மாறியது சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று 2018இல் இன்னொரு விடை வந்தது.

அத்திரம்பாக்கம் பக்கம் போகிறவர்களுக்கு வழி சுலபம். திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பூண்டி. 1944இல் கட்டிய நீர்த்தேக்கத்தின் பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கைக்கோடரி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதே வட்டாரத்திலுள்ள கற்காலக் குடியம் குகைக்குக் காட்டுக்குள் நடை, அதனால் வண்டியை ஊரிலேயே விட வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும். வழியில் செதுக்கிய கல் எது கண்ணில் பட்டாலும் குனிந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், பையில் மட்டும் போடக் கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், ஐசோடோப்பு அளப்பவர்களுக்கு அந்தக் கல்லால் ஒரு பயனும் இல்லை.