ஆஞ்சியோ: எப்போது ஓட வேண்டும், எப்போது யோசிக்கலாம்?



தையல் கம்பெனிகள் ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் ஊர் நம்முடையது. நெஞ்சு பிடித்தால் 'கேஸாக இருக்கும்' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவர்கள் நம்மிடையே நிறைய. டிரெட்மில் டெஸ்டில் ஏதோ வித்தியாசம் என்றதும், நகையை அடகு வைத்து மறுநாளே ஆஞ்சியோவுக்குப் போகிறவர்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆஞ்சியோ சிகிச்சை அல்ல, பரிசோதனை. மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்து பாய்ச்சி, இதய ரத்தக் குழாயின் அடைப்பைப் படம் பிடிக்கிறார்கள்.

நெஞ்சின் நடுவே அழுத்தம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். ஈ.சி.ஜி. மாரடைப்பு என்று காட்டி, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டதும் வலி குறையலாம். 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கட்டி கரைந்தாலும் அடைப்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். பொதுவாக 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி குழுவினர் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். 2017-இல் முடிவுகள் வெளியாயின. இணைப்புக்குப் பின் ஆஞ்சியோ செய்துகொண்டவர்களின் பங்கு 35 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 61 ஆக உயர்ந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

படியேறினால் மட்டும் வலி, உட்கார்ந்தால் தணிகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால் கணக்கு வேறு. இந்தியா உள்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-இல் வெளியானது. முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) என்று போனவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் உயிரிழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. முன்னவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்பிங் வெகுவாகக் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே டாக்டரிடம் நிதானமாகக் கேளுங்கள்: பம்பிங் எப்படி இருக்கிறது? இதயம் வரை குழாய் செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ போதுமா? மருந்து சாப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கிறதா? ஆஞ்சியோவில் பாய்ச்சும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். மருந்துக்கும் வலி அடங்கவில்லை, ஓய்விலும் வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பீஸ் ரேட்டில் தைப்பவர் எழுந்தால் கூலி போகும். அதனால்தான் அவர் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு வலி என்று எழுகிறவருக்கு அன்றைய கூலி பிடிக்கப்படாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த ஒரு சொல் அவரை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அன்புடன்,
ஆசிரியர்