வடக்கு மாட வீதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள். சைக்கிளில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிளஸ் டூ முடித்ததும் கேட்கிற சைக்கிளை வாங்கித் தருவதாகப் பேரனுக்கு அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். நான் மறந்தாலும் அவன் மறப்பானா? இப்போது அடையாறு பக்கம் கல்லூரி கிடைத்திருக்கிறது. வீடு தி.நகர். போக ஆறேழு கிலோமீட்டர், வர ஆறேழு. மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். பையன்தான், "வேண்டாம்ப்பா, நான் சைக்கிள்லயே போறேன்" என்று நின்றான். இந்தக் காலத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஸ்கூட்டரை வேண்டாம் என்கிறானே என்று எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் மொபைலை என்னிடம் நீட்டும்வரை.

"தாத்தா, ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு டிரெயில், ஒண்ணு எண்டூரோ. எது வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

டிரெயில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே. எண்டூரோ அதற்கும் மேலே ஒன்றரை லட்சம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மாதச் சம்பளம் என்ன என்பதை இங்கே எழுதினால் அழுகை வரும், விட்டுவிடுகிறேன்.

நான் இயற்பியல் வாத்தியார். தெரியாத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். அதனால் நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். இரண்டுமே மலைச் சைக்கிள்தான். முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன். டிரெயில் என்பது ஏறவும் இறங்கவும் சமமாகப் பயன்படும் ரகம், சஸ்பென்ஷன் ஏறக்குறைய 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை அமுங்கும். எண்டூரோ இறக்கத்துக்காகவே பிறந்தது, 160, 170, சிலவற்றில் 180 வரை அமுங்கும். எண்டூரோ என்று ஒரு பந்தயமே இருக்கிறது. 2013ல் அதற்கு உலகத் தொடர் ஆரம்பித்தார்கள். அதில் மேலே ஏறுவது வீரர் பாடு. வெற்றியை முடிவு செய்வது பாறையிலும் வேரிலும் குதித்து இறங்க எடுத்துக்கொண்ட நேரம் மட்டும்தான்.

இப்போது தி.நகரிலிருந்து அடையாறு போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். வெங்கட்நாராயணா சாலை, நந்தனம், கோட்டூர்புரம் பாலம். ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஏதாவது உண்டென்றால் அந்தப் பாலம் ஒன்றுதான். பரங்கிமலையே முந்நூறு அடி உயரம்தானே!

"மலை இல்லைன்னா என்ன தாத்தா, பள்ளம் இருக்குல்ல?" என்றான். நியாயமான கேள்வி. மேலும் ஒன்று சொன்னான். அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை.

"போன மழையில நீங்க விழுந்தீங்களே. உங்க சைக்கிள்ல சஸ்பென்ஷன் இருந்திருந்தா விழுந்திருப்பீங்களா?"

தெரியாதவர்களுக்காக: நவம்பரில் மந்தைவெளியில் முழங்கால் தண்ணீரில் என் பழைய சைக்கிளை ஓட்டிப்போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். வீட்டில் அந்தச் சைக்கிளை விற்கச் சொல்லி இன்னும் சண்டை நடக்கிறது.

அவன் கேள்வியை நேர்மையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுடைய நண்பனிடம் டிரெயில் சைக்கிள் ஒன்று இருக்கிறது. கெஞ்சிக் கேட்டு, ஒரு நாள் விடியற்காலையில் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். மந்தைவெளியிலிருந்து திரு.வி.க. பாலம் வழியாகப் பெசன்ட் நகர் கடற்கரை வரை. உண்மையைச் சொல்கிறேன், சொகுசு. மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள், ஒட்டுப்போட்ட தார், பாலத்து இணைப்புகள் எல்லாம் எங்கோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. டிஸ்க் பிரேக் இரண்டு விரலில் நிற்கிறது. மழையில் ரிம் பிரேக்கை நம்பி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அறுபத்தேழு வயதில் பெசன்ட் நகரில் நின்று நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சி மாமா ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் திரும்பி வரும்போது மற்றதெல்லாம் உறைத்தது. சமதரையில் அழுத்தி மிதித்தால் பின்சஸ்பென்ஷன் ஒவ்வொரு மிதிக்கும் லேசாக அமுங்கி எழுகிறது. சக்கரத்துக்குப் போக வேண்டிய உழைப்பில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடாக்கப் போகிறது. இதைத் தடுக்க ஒரு லீவர் இருக்கிறது, சஸ்பென்ஷனைப் பூட்டிவிடலாம். லட்சம் கொடுத்து வாங்கியதைப் பூட்டிவைத்து ஓட்டுவது! டிரெயிலிலேயே இப்படி என்றால் எண்டூரோ பற்றிக் கேட்க வேண்டாம். அதன் முன்ஃபோர்க் இன்னும் சாய்ந்து நீண்டிருக்கும். செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கும்போது அது நிதானம் கொடுக்கும். கச்சேரி ரோட்டில் ஆட்டோவுக்கும் வண்டிக்கடைக்கும் நடுவே நடைவேகத்தில் நகரும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஹேண்டில்பாரின் அகலம் வேறு எண்ணூறு மில்லிமீட்டர். ரங்கநாதன் தெருவில் அதைக் கொண்டுபோனால் தீபாவளிக் கூட்டம் நம்மைப் பெயர் சொல்லித் திட்டும்.

எடையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எண்டூரோ பதினைந்து, பதினாறு கிலோ இருக்கும். என் அப்பாவின் ஹெர்குலிஸ் இருபது கிலோ. அதில்தான் நான் பாருக்கடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் பழகினேன்.

பராமரிப்பு வேறு கதை. சில கம்பெனிகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. பையன் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஐம்பது நாளைக்கு ஒருமுறை. மழைக்காலத்துச் சகதித் தண்ணீர், கடற்கரை உப்புக்காற்று இரண்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருமுனைப் பஞ்சர் கடையில் இது நடக்காது. ஒரு முறை தவறும், இரண்டு முறை தவறும், பிறகு கிறீச் கிறீச்சென்று சத்தம் வரும், பிறகு சைக்கிள் பால்கனிக்குப் போகும். அதன்மேல் துணி காயும். ஸ்கூட்டர் வீட்டுக்கு வரும். என் பயமெல்லாம் இதுதான். மூன்றரை லட்சம் போவதுகூட இரண்டாம் பட்சம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அன்று திரும்பும் வழியில், கொத்தமல்லியும் இரண்டு முருங்கைக்காயும் வாங்க வடக்கு மாட வீதியில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது தவறு. நிறுத்தவே முடியவில்லை. ஸ்டாண்டு கிடையாது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நகர மனம் வரவில்லை, இரண்டு லட்சம், அதுவும் இரவல் சொத்து. ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடியே முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தேன். காய்க்கார அம்மா, "என்ன சார், மாட்டைப் புடிச்சுக்கினு நிக்கற மாதிரி நிக்கறீங்க?" என்றார். வாங்கியதை எங்கே வைப்பது? கேரியர் இல்லை. இந்த ரகங்களில் பெரும்பாலும் கேரியர் மாட்ட இடமே விட்டிருக்க மாட்டார்கள், பின்பக்கம் அசைகிற சட்டம் அல்லவா. மட்கார்டு இல்லாததால் ஈரத்தரையில் வந்ததற்கு முதுகில் சேற்றுக்கோடு. முருங்கைக்காயைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்றாடச் சைக்கிள் என்றால் நிறுத்திவிட்டுப் போக முடிய வேண்டும். கோயில் வாசலில், லைப்ரரி முன்னால், கல்லூரி மரத்தடியில் நூறு சைக்கிளோடு நூற்றொன்றாக. ஓட்டுகிற நேரம் ஒரு மணி என்றால் அது சும்மா நிற்கிற நேரம் இருபத்து மூன்று மணி. வகுப்பில் உட்கார்ந்து சைக்கிளையே நினைத்துக்கொண்டிருக்கும் பையன் என்ன படிப்பான்? அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிள்களை நான் வரிசை வரிசையாகப் பள்ளி மைதானத்தில் பார்த்திருக்கிறேன். அதில் கியரும் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. கேரியர் உண்டு, ஸ்டாண்டு உண்டு, மட்கார்டு உண்டு. சாவி வாங்கிய அன்றே தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன பெண்களை எனக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் "பழைய காலத்து ஆள்" என்று பெயர் வரும். அதனால் அவனுக்கு அவன் ஆட்கள் கதையையே சொன்னேன். கலிபோர்னியாவில் டமால்பைஸ் என்று ஒரு மலை. 1976ல் அங்கே சில இளைஞர்கள் மலைப்பாதையில் இறங்கப் பந்தயம் வைத்தார்கள். அவர்களிடம் இருந்தவை 1930, 40களின் பழைய, தடித்த டயர் போட்ட ஷ்வின் சைக்கிள்கள், ஊருக்குள் பேப்பர் போடுகிற ஜாதி. ஒரு தடவை இறங்கினால் பின்பிரேக்கில் உள்ள கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய டிரெயில், எண்டூரோ எல்லாம். தெருச் சைக்கிள்தான் மலைக்குப் போனது.

"அப்ப வீக்கெண்ட்ல மலைக்குப் போகணும்னா?" என்றான். எந்த மலை? ஏலகிரிக்குப் போக வேண்டும், கொண்டை ஊசி வளைவு பதினான்கும் தார்ச்சாலை. வருடத்துக்கு இரண்டு முறை நிஜமான மலைப்பாதைக்குப் போனால் அங்கே கிடைப்பதை வாடகைக்கு எடுத்து ஓட்டட்டும், செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மகாபலிபுரம் வரை கும்பலாகப் போகிறார்களே, அந்த ஈ.சி.ஆர். சாலைக்கு 170 மில்லிமீட்டர் எதற்கு?

ஆக, அவன் கேட்ட கேள்விக்கு வாத்தியார் பதில்: இரண்டில் ஒன்றுதான் என்றால் டிரெயில், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த இரண்டுக்குள் ஏன் நிற்க வேண்டும் என்பதே என் கேள்வி. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் இருக்கிறது. முன்னால் 100, 120 மில்லிமீட்டர் ஃபோர்க், இரண்டேகால் அங்குல டயர், டிஸ்க் பிரேக். நாற்பதாயிரத்துக்குள் நல்லதாகக் கிடைக்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தடையில் சீட்டிலிருந்து எழுந்து முழங்காலை மடக்கினால் நம் உடம்பைவிடப் பெரிய சஸ்பென்ஷன் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

என் மணிக்கட்டு விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் பருத்த டயரும் முன்ஃபோர்க்கும் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். முன்னால் ஃபோர்க் வேண்டும் என்று நான் ஒப்புக்கொண்டதே அதனால்தான். முழங்கால் தண்ணீரில் இறங்கியிருக்கவே கூடாது என்பது மீதிப் பாதி.

"அப்ப வாக்கு என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்டான். சுருக்கென்றது. கேட்கிற சைக்கிள் என்றுதான் சொல்லியிருந்தேன். அவன் அம்மா, "அப்பா, உங்களுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கறதே வேலை" என்றாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம். இப்போது ஹார்ட்டெயில். மீதிப் பணம் அவன் பெயரில் பேங்கில் இருக்கும். ஒரு வருடம், ஒரு மழைக்காலம் உட்பட, கல்லூரிக்கு அதிலேயே போய் வந்தான் என்றால், அடுத்த ஜூனில் அவன் கேட்பது எதுவானாலும், எண்டூரோவே ஆனாலும், வாய் பேசாமல் வாங்கித் தருவேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு நேற்று இரவு சரி என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். கூடவே ஒரு நிபந்தனை, கேரியர் மட்டும் மாட்ட மாட்டானாம், கல்லூரியில் சிரிப்பார்களாம். மட்கார்டுக்கு ஒத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். மந்தைவெளி, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கழற்றிச் சுத்தமாகச் சர்வீஸ் செய்து தரும் மெக்கானிக் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.