கையிலே காசும் காரின் சாவியும்

'கையிலே காசு, வாயிலே தோசை' என்பது நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கடன் சொல்லிச் சரக்கெடுத்துச் சென்றவரின் வாசலுக்குப் பன்முறை நடந்து கால் தேய்ந்த நெசவாளரும், மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் பாக்கிக்காகப் பல வாரம் காத்திருந்த குடியானவரும் இப்பழமொழியை ஏட்டிலே கற்றவரல்லர், அனுபவத்திலே கற்றவர்கள். ஆகவே, 'ரொக்கமே பத்திரம்' என்று அவர்கள் நம்புவதை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும், பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ள மோட்டார் காரைத் தரகரின்றித் தாமே நேரில் விற்கும் சமயத்தில் இந்த நம்பிக்கை நம் அங்கத்தினர்களைக் காக்காது. மாறாக, அவர்களையே அகப்பட வைக்கும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் கார் என்பது ஆலை முதலாளிக்கும் மிராசுதாருக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. இன்று நம் அங்கத்தினர்களிலும் பலர், சிறு கார் ஒன்றைத் தவணையில் வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் பிறருக்கு விற்கிறார்கள். துணியையோ விளைச்சலையோ விற்பதில் அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் உண்டு. காரை விற்பதிலோ பழக்கம் இல்லை. பழக்கமில்லாத இடத்தில் பழைய பழமொழியைத் துணைக்கு அழைப்பதால்தான் தவறு நேருகிறது.

அங்கத்தினர் ஒருவர் தம் காரை மூன்றரை லட்ச ரூபாய்க்கு விற்க இசைந்தார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் கலியாணச் செலவுக்கோ, புதிய தறி போடுவதற்கோ அத்தொகையை அவர் நம்பியிருக்கிறார். வாங்குபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் துணிப்பையுடன் வருகிறார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளில் ஏழு கட்டுகள், எழுநூறு தாள்கள். "எண்ணிக்கொள்ளுங்கள், அண்ணா. சாவியைக் கொடுத்தால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருவேன்" என்கிறார். ரொக்கமாக வாங்கிக்கொண்டால் விலைக்கு மேல் ஐயாயிரம் சேர்த்துத் தருவதாகவும் ஆசை காட்டுகிறார். விற்பவர் மகிழ்ந்து பையை வாங்குகிறார். அந்தக் கணத்தில் என்ன நேர்ந்தது? வாங்கியவர் ஐயத்துக்கிடமில்லாத ஒரு பொருளைப் பெற்றுச் சென்றார். நோட்டு மெய்யா பொய்யா என்ற ஐயம், திருட்டுப் பயம், சட்டத்தின் தண்டனை ஆகிய மூன்றும் பையோடு சேர்ந்து விற்றவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 269-எஸ்.டி. என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமலாயிற்று. இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ எவரும் ரொக்கமாகப் பெறலாகாது என்பது அதன் சாரம். 2026 ஏப்ரல் 1 தொட்டு நடைமுறைக்குரியதான 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலும் இவ்வரம்பு நீடிக்கிறது. இங்கே அங்கத்தினர்கள் ஒரு சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சட்டம் 'கொடுக்கலாகாது' என்று கூறவில்லை. 'பெறலாகாது' என்றே கூறுகிறது. அபராதமும் பெற்றவர் மீதே விழும். அதன் அளவு பெற்ற தொகைக்குச் சமம். மூன்றரை லட்சம் வாங்கியவர் மூன்றரை லட்சம் கட்ட நேரிடும். காரும் போய், காசும் போன கதையாக முடியும். தக்க காரணம் காட்டினால் அபராதம் விலக்கப்படலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால், 'எனக்குத் தெரியாது' என்பது தக்க காரணமாகக் கொள்ளப்படும் என்று நம்பி எவரும் துணிய வேண்டாம்.

இன்று ஒன்றரை லட்சம், நாளை இரண்டு லட்சம் என்று பிரித்து வாங்கினால் ஆகாதோ என்று சிலர் கேட்பர். ஆகாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் பெறுவதற்கு மட்டுமன்று, ஒரே வியாபாரத்தின் பொருட்டுப் பெறும் மொத்தத்துக்கும் இவ்வரம்பு உண்டு. கார் ஒன்று, ஆகவே வியாபாரமும் ஒன்று. 'நாம் விவசாயிகள், விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, ஆகையால் இச்சட்டம் நமக்கில்லை' என்பது மற்றொரு மயக்கம். வரி விலக்கு விளைச்சல் வருமானத்துக்கு. ரொக்க வரம்போ எவருக்கும் பொது. வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தாம் பெறும் ரொக்கத்துக்கு விலக்குப் பெற்றுள்ளன. அவ்விலக்கு அவற்றின் கணக்குதாரருக்கு உரியதன்று. வாங்குபவரே நேராக வந்து நம் கணக்கில் ரொக்கமாகக் கட்டிவிட்டால் 'வங்கி மூலம் வந்த பணம்' ஆகிவிடாதோ என்றால், ஆகாது. அது ரொக்க வரவே. வாங்குபவரின் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு வருவதே வங்கி மூலமான வரவு.

இரண்டாவது, நோட்டின் தன்மை. இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்த்தால் அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலப்புறக் கீழ்மூலையில் உள்ள எண்ணும் அவ்வாறே நிறம் மாறும். இருபுற ஓரங்களிலும் சாய்ந்த கோடுகள் ஐந்து, விரலுக்குத் தட்டுப்படும்படி பதிந்திருக்கும். இவற்றை அறிந்திருப்பது நன்றே. ஆனால், அந்தி வெளிச்சத்தில், எதிரே ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருக்க, எழுநூறு தாள்களையும் இப்படிப் பார்ப்பவர் யார்? கட்டின் மேலும் கீழும் உள்ள தாள்களைப் பார்த்துவிட்டு நடுவை நம்புவதே மனித இயல்பு. மறுநாள் அப்பணத்தை வங்கியில் கட்டும்போது கள்ள நோட்டுகள் அகப்பட்டால், அவற்றின் மேல் முத்திரை குத்தி வங்கி பறிமுதல் செய்துகொள்ளும். கொண்டுவந்தவருக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு கிடைக்குமேயன்றிப் பணம் கிடைக்காது. ஒரே தடவையில் அகப்பட்டவை நான்கு வரை இருந்தால் வங்கி மாதாந்தர அறிக்கையில் போலீசாருக்குத் தெரிவிக்கும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அப்பொழுது போலீசார் முதலில் விசாரிப்பது நோட்டை நீட்டியவரைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சென்றவரின் பெயரும் ஊரும் கூட நமக்கு அரைகுறையாகவே தெரிந்திருக்கும்.

இதனோடு இரண்டாயிரம் ரூபாய் நோட்டையும் சொல்லிவிடுவோம். அது 2023 மே 19-இல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. வங்கிக் கிளைகளில் மாற்றும் தவணையும் அவ்வாண்டு அக்டோபர் 7-இல் முடிந்தது. பையின் அடியில் அத்தகைய தாள்கள் கிடந்தால், அவற்றை மாற்ற ரிசர்வ் வங்கியின் அலுவலகத்தையே நாட வேண்டியிருக்கும். அவ்வலைச்சலும் விற்றவருக்கே.

மூன்றாவது, திருட்டுப் பயம். ஒரு வீட்டில் இன்று கார் விலைபோயிற்று என்பதை ஊரே அறியும். வாசலில் நின்ற வண்டி காணாமற்போனதே அதற்குப் பறைசாற்று. அன்றிரவு அவ்வீட்டில் ரொக்கம் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளப் பெரிய சாமர்த்தியம் வேண்டுவதில்லை.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ரொக்கத்தை வங்கி மேடைக்குக் கொண்டுசெல்பவர் எவரோ, அவரே அதற்குப் பொறுப்பாளி. நோட்டு மெய்யானது என்று காட்ட வேண்டியவரும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகவே, அந்த நடையை வாங்குபவர் நடக்கட்டும் என்பதே நாம் கூறும் வழி. "ஐயா, உங்கள் பணத்தை உங்கள் வங்கியில் உங்கள் கணக்கிலே கட்டி, அங்கிருந்து என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மஞ்சளையோ பருத்தியையோ விற்று நேர்வழியில் ரொக்கம் சேர்த்தவர் அதற்குத் தயங்கார். தயங்குபவரின் காரணத்தை நாம் ஆராய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுமையை ஐயாயிரம் ரூபாய்க்காக நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுமில்லை.

வங்கி வழியாக அனுப்புவது இன்று எளிது. ஆர்.டி.ஜி.எஸ். என்னும் முறையில் அனுப்பக்கூடிய மிகக் குறைந்த தொகை இரண்டு லட்ச ரூபாய். ரொக்கத்துக்குச் சட்டம் எங்கே கதவடைக்கிறதோ, அங்கேயே இவ்வழி திறக்கிறது! 2020 டிசம்பர் முதல் இரவும் பகலும், விடுமுறை நாளிலும் இச்சேவை இயங்குகிறது. பணம் வந்து சேர்ந்த அரைமணி நேரத்துக்குள் பெறுநரின் வங்கி அதனைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு லட்சத்துக்குக் குறைந்த தொகைக்கு என்.இ.எப்.டி. உண்டு. அதுவும் 2019 டிசம்பர் முதல் எந்நேரமும் நடைபெறுகிறது.

வங்கி வழியிலும் மோசம் உண்டே என்பார்க்கு நமது பதில்: உண்டு, ஆனால் அதற்கு மருந்தும் உண்டு. காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி வழக்குத் தொடரலாம்; என்றாலும் வழக்காடிப் பெறும் பணம் கலியாணத்துக்கு உதவாது. ஆகையால் காசோலை நம் கணக்கில் வரவான பின்னரே சாவி கைமாற வேண்டும். வரைவோலையாயின் அதனை வழங்கிய கிளையைக் கேட்டுத் தெளிய வேண்டும். கைபேசியில் 'பணம் அனுப்பியாயிற்று' என்று காட்டும் படத்தை எவரும் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். அப்படிப்பட்ட படத்தைப் போலியாகச் செய்வது கள்ள நோட்டு அச்சடிப்பதைவிட எளிது. நமது வங்கியைக் கேட்டோ, நமது கணக்கைப் பார்த்தோ அறிவதே அறிவு.

வாங்குபவர் நம்பத்தக்க அண்டை ஊரார். ஒரு பகுதியையாவது ரொக்கமாகவே தர வேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம். அவ்வியாபாரத்தில் ரொக்கப் பகுதி மொத்தமும் இரண்டு லட்சத்துக்குக் குறைவாக இருப்பின் சட்டம் தடுப்பதில்லை. அப்பொழுதும் வீட்டுத் திண்ணையில் வாங்க வேண்டாம். வேலை நாளின் முற்பகலில், இருவரும் வங்கிக்குச் சென்று, வாங்குபவர் கையாலேயே பணத்தை மேடையில் கொடுக்கச் செய்து, இயந்திரத்தில் எண்ணிப் பார்த்து, ரசீது பெற்ற பின்னரே மற்றதைப் பேச வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமல்லவா?

பணம் கணக்கில் ஏறிய பின்பும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். 29, 30 என்னும் எண்ணுள்ள படிவங்கள் இதற்குரியவை. அவற்றில் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதே நம்மவர் வழக்கம். 2007-இல் விற்று ஒப்படைக்கப்பட்ட ஒரு கார் பல கை மாறி, 2009-இல் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் முதல் சொந்தக்காரரின் பெயரே நின்றமையால், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரொக்கத்துக்கு விற்றவரிடம் வாங்கியவர் யார், எந்நாளில் வாங்கினார் என்பதற்குச் சான்று இராது. வங்கி வழியாகப் பெற்றவருக்கோ பாஸ் புத்தகமே சாட்சி சொல்லும். வண்டியை ஒப்படைத்த தேதியையும் மணியையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. எழுத்தறியாத குடியானவரும் தம் பெயரில் ஒரு பேரேட்டுப் பக்கம் உண்டென்று தலைநிமிர்ந்து நிற்க நமது இயக்கம் வழி செய்தது. ரசீதின்றிக் காசு கைமாறலாகாது என்பது அதன் அரிச்சுவடிப் பாடம். சங்கத்தில் நூறு ரூபாய் கட்டினாலும் ரசீது கேட்டு வாங்கும் அங்கத்தினர், மூன்றரை லட்சம் பெறும்போது அப்பாடத்தை மறக்கலாமா? சங்கக் காரியதரிசிகளும் இவ்விஷயத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, வண்டி விற்கும் அங்கத்தினருக்கு வங்கி வரை துணை செல்ல ஒருவரை அனுப்புவார்களாயின், அது சிறந்த கூட்டுறவுத் தொண்டாகும்.

கையிலே காசு என்ற பழமொழியை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. கணக்கிலே காசு, பின்பு கையிலே சாவி என்று அதனைத் திருத்திக்கொள்ளுமாறே அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.