எல்லாரும் திருடன்... ஹார்ட் அட்டாக் மட்டும் நமக்கு

போன மாசம் வருஷாந்திர ஹெல்த் செக்கப். எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துட்டு டாக்டரம்மா கடைசியா கேட்டாங்க, "கோபம் வருமா?"

"சேச்சே, நான் சத்தமா பேசவே மாட்டேனே"ன்னு சொல்லி வாயை மூடல, பக்கத்துல இருந்த தங்கமணி சிரிச்சுட்டாங்க. "வெளிய வராது டாக்டர், உள்ளயே ஓடிட்டிருக்கும்."

பி.பி. கொஞ்சம் எகிறியிருந்தது. அதைவிட இந்த டயலாக்தான் உறுத்துச்சு. ஆணி புடுங்குற நேரம் போக ரெண்டு வாரம் இதைப் பத்தியே படிச்சேன். படிச்சதை உங்க தலையில கட்டாம விட முடியுமா?

1950-கள்ல சான் பிரான்சிஸ்கோவில ஃப்ரீட்மன், ரோஸன்மன்னு ரெண்டு இதய டாக்டர்கள், எப்பவும் அவசரம், போட்டி, எரிச்சல்னு இருக்கறவங்களுக்கு "டைப் ஏ"ன்னு பேர் வச்சாங்க. 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை வருஷம் கவனிச்சு, டைப் ஏ ஆளுங்களுக்கு மாரடைப்பு ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னாங்க. பிறகு வந்த பெரிய ஆய்வுகள்ல அது நிக்கல. (நடுவுல சிகரெட் கம்பெனிங்க இந்த ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்த கதை தனிப் பதிவாவே போடலாம். சிகரெட்டை விட்டுட்டு குணத்து மேல பழி போட வசதி பாருங்க.)

சலிச்சு எடுத்ததுல மிஞ்சினது அவசரம் இல்லை, பகைமை. அடுத்தவன் நம்மளை ஏமாத்தத்தான் வரான்னு முன்கூட்டியே முடிவு கட்டுற குணம். இதை அளக்க குக்-மெட்லின்னு 50 கேள்வி இருக்கு. 1954-ல வாத்தியாருங்க குணத்தை அளக்கறதுக்குன்னு தயாரிச்சது, தமாஷ்தான். காரியம் ஆகணும்னா ஜனங்க பொய் சொல்லுவாங்களா, யாரையும் நம்பாம இருக்கறதுதான் பாதுகாப்பா, இந்த ரகத்துல போகும் கேள்விங்க.

படிச்சதும் சுருக்குன்னுச்சு. புனேல நம்ம ஆளுங்க நாலு குடும்பம் சேர்ந்து சாப்பிடற ஞாயித்துக்கிழமைகள்ல நாம பேசறதே இதானே? ஆட்டோக்காரன் ஏமாத்தறான், வீட்டு ஓனர் டெபாசிட்ல கை வைப்பான், வாட்ச்மேன் நம்மளைப் பார்த்தா மட்டும் கேட்டைத் திறக்க மாட்டான். மெட்ராஸ் ஆட்டோ என்னமோ காந்தி கணக்கா மீட்டர் போட்டு ஓடின மாதிரி! அங்க ஏமாந்தா ஒருத்தன் ஏமாத்தினான். இங்க ஏமாந்தா ஊரே ஏமாத்துது. மொழி சரியா வராத ஊர்ல பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க முடியாத கடுப்பு, அப்படியே சந்தேகமா உறைஞ்சு போகுதுன்னு நினைக்கிறேன்.

சரி, ஆபத்து எவ்வளவு? 2009-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, கோபமும் பகைமையும் அதிகம் உள்ள ஆரோக்கியமானவங்களுக்கு இதய நோய் ஆபத்து 19 சதவீதம் கூடுதல், ஏற்கெனவே இதய நோய் இருக்கறவங்களுக்கு 24 சதவீதம் மோசம். இதுல ஒரு பங்கு சிகரெட், உடற்பயிற்சி இல்லாமை வழியா வர்றதுதான். பயங்கரமான நம்பர் இல்லை. ஆனா நம்ம தெற்காசிய ஆளுங்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியா 53 வயசுலயே வருது, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 பக்கம். அந்தக் கணக்கு மேல இந்த 19-ஐயும் ஏத்தணுமா?

திடீர்னு வெடிக்கிற கோபம் வேற கணக்கு. வெடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாரடைப்பு ஆபத்து கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு 2014-ல வந்த ஒரு அலசல் சொல்லுது. மாசத்துக்கு ஒரு தடவைன்னா பயப்பட ஒண்ணுமில்லை. தினம் அஞ்சு தடவைன்னாதான் கூட்டல் பெருசாகுது.

என்னை உலுக்கினது 2024-ல வந்த ஆய்வு. 280 ஆரோக்கியமான ஆளுங்கள்ல ஒரு பகுதியினரை, கோபம் வந்த பழைய சம்பவத்தை வெறும் 8 நிமிஷம் நினைச்சுப் பார்க்கச் சொன்னாங்க. அவங்க ரத்தக் குழாய் விரியற திறன் 40 நிமிஷம் வரை குறைஞ்சிருந்தது. நினைச்சதுக்கே! நான் ஆட்டோல 30 ரூபா ஏமாந்ததை தங்கமணி கிட்ட ஒரு தடவை, ஊருக்கு போன் போட்டு அம்மா கிட்ட ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை நாலு குடும்பத்துக்கும் ஒரு தடவைன்னு ஒளிபரப்பறவன்.

அதுக்காக ஏமாத்தினா சும்மா விடணுமான்னு கேட்பீங்க. வேணாம். மீட்டரைப் போடச் சொல்லுங்க, டெபாசிட்டை எழுதி வாங்குங்க. சண்டையை அங்கேயே முடிங்க, வீட்டுக்கு பார்சல் கட்டாதீங்க. குணம் மாறாதுன்னும் சொல்லாதீங்க. அதே ஃப்ரீட்மன் மாரடைப்பு வந்து பிழைச்சவங்களுக்குப் பயிற்சி குடுத்துப் பார்த்தார். 1986-ல வந்த முடிவுல, நாலரை வருஷத்துல மறுபடி மாரடைப்பு வந்தது பயிற்சி எடுத்தவங்கள்ல 13 சதவீதம், எடுக்காதவங்கள்ல 21. பயிற்சில ஒண்ணு, கடையில வேணும்னே நீளமான க்யூவா பார்த்து நிக்கறது. டி-மார்ட்ல முயற்சி பண்ணேன். மூணு வாரமா தோல்வி :-)

நேத்து மழையில சிஞ்ச்வட்லேர்ந்து ஆட்டோ. இருபது ரூபா கூட வேணும்னார். கூட இருந்த பையன், இங்கயே பொறந்து வளர்ந்தவன், "காகா, பத்து ரூபா"ன்னு மராத்தில சிரிச்சான். அவரும் சிரிச்சார். பத்தோட முடிஞ்சது. பதினஞ்சு வருஷமா எனக்கு அந்த ஆளு "அவன்", பையனுக்கு "காகா".

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். நெஞ்சுல அழுத்தமா வலிச்சா, மூச்சு வாங்கினா, கேஸுன்னு சோடா குடிச்சுட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.