இணைய விண்வெளி விளையாட்டும் புதுக்கோட்டை இரும்புத்தொழில் வழக்கும்: கலைச்சொல்லாக்கம் குறித்த கருத்துரை

முன்னுரை

இணையவழி விளையாட்டுகள் பலவற்றில் மூலப்பொருள் திரட்டுவதும் அதனைக் கொண்டு கருவி செய்வதும் முதன்மையான செயல்களாக உள்ளன. இச்செயல்களைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி ஆக்குவதைக் காட்டிலும், மண்ணில் வழங்கிய தொழில்வழக்கிலிருந்து பெறுவதே தக்கது என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் இரும்புத்தொழில் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

விளையாட்டில் தொழில்

ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ இவ்வகை விளையாட்டுகளுள் குறிப்பிடத்தக்கது. இதில் விளையாடுவோர் சிறுகோள்களிலிருந்து லேசர் கொண்டு தாதுவை வெட்டியெடுக்கின்றனர். அதனை டிரிட்டானியம் முதலிய கனிமங்களாகப் பிரிக்கின்றனர். உரிய வரைபடத்தின்படி கப்பலும் படைக்கலமும் செய்து சந்தையில் விற்கின்றனர். போரில் அழிந்த கப்பல் மீண்டு வாராது. ஆதலின் செய்வோரின் உழைப்புக்கு என்றும் தேவை இருக்கிறது. இவ்விளையாட்டு வழங்கும் மொழிகளுள் தமிழ் இல்லை. நாளை இத்தகைய விளையாட்டொன்று தமிழுக்கு வருமாயின் எச்சொற்களைக் கொள்வது என்பதே வினா.

மண்ணில் தொழில்

புதுக்கோட்டை நகரை அடுத்துள்ள பொற்பனைக்கோட்டை சங்ககாலக் கோட்டையாகும். இங்கு 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு தொடங்கின. இப்பகுதியில் இரும்பு உருக்கியதைக் காட்டும் எச்சங்கள் கிடைத்துள்ளன. தாது திரட்டல், உருக்கல், கருவி செய்தல் என்னும் வரிசை இரு களத்துக்கும் பொதுவானது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் கனிமம் பிரிக்கும்போது நேரும் இழப்பு திரையில் ஒரு விழுக்காடாக மட்டுமே தோன்றும். மண்ணில் அது கிட்டமாகக் குவிந்து கிடக்கும். பெயர் எழுதிவைக்காத கொல்லர் அங்கு உழைத்தார் என்பதை அக்கிட்டமே இன்று உணர்த்துகிறது.

சொற்றேர்வு

சிறுகோளில் தாது எடுப்பதைச் ‘சுரங்கத்தொழில்’ எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் அங்குச் சுரங்கம் இல்லை. ‘தாது வெட்டுதல்’ என்பதே செயலைச் சுட்டும். ‘சுத்திகரிப்பு’ என்றவுடன் தமிழருக்கு நீரும் எண்ணெயும் நினைவுக்கு வருகின்றன. ‘உருக்குதல்’ என்பதோ உலையை நினைவூட்டும். ‘கைவினை’ என்பது அழகுப்பொருளைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அரிவாளும் கொழுவும் செய்யுமிடம் ‘பட்டறை’. கப்பல் உறுப்புகளைச் செய்யுமிடத்துக்கும் அச்சொல் பொருந்தும். பிரித்தலில் கழியும் பகுதிக்குக் ‘கிட்டம்’ என்ற சொல் ஆயத்தமாக உள்ளது.

மைனிங், கிராஃப்டிங் என்னும் ஒலிபெயர்ப்புகளே இளைஞர்க்குப் பழகியவை. தொழிற்சொற்கள் பழைமை வாய்ந்தவை என்ற மறுப்பு எழலாம். லேசர் போன்ற சொற்களை அவ்வாறே கொள்வதில் தடையில்லை. ஆயின் உலை, துருத்தி, கொல்லன் என்பன சங்க இலக்கியத்தில் பயின்று இன்றும் ஊர்களில் வழங்குவன. அவை மீட்டெடுக்கப்பட வேண்டிய வழக்கொழிந்த சொற்கள் அல்ல. இன்று பதிவு செய்யாவிடில் நாளை வழக்கொழியக்கூடியவை. தொழிற்கூடங்களில் ஆக்கப்பட்ட கருவிகள் கடைக்கு வந்த பின்னர் ஊர்ப் பட்டறைகள் குறைந்து வருகின்றன. பட்டறை மூடப்படும்போது, இரும்பு காயும் பதத்தையும் நீரில் தோய்க்கும் முறையையும் பிரித்துணர்த்தும் சொற்களும் உடன் மறைகின்றன.

முடிவுரை

கலைச்சொல்லாக்கம் அகராதியோடு நின்றுவிடும் பணி அன்று. புதுக்கோட்டை மாவட்டக் கொல்லர்களிடம் தமிழ்த்துறை மாணவர் நேரில் சென்று, ஒவ்வொரு சொல்லையும் அது குறிக்கும் செயலோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். அத்தொகுப்பு தொல்லியலார்க்கும் அகராதியியலார்க்கும் விளையாட்டைத் தமிழ்ப்படுத்துவோர்க்கும் ஒருங்கே பயன்படும். சொல்லை வழங்கிய கொல்லரின் பெயரும் ஊரும், அவர் இசைவுடன், தொகுப்பில் இடம்பெறுதல் முறையாகும். கிட்டத்தை விட்டுச் சென்றோரின் பெயர் கிடைக்கவில்லை. சொல்லைத் தருவோரின் பெயரேனும் நிற்றல் வேண்டும்.