கள்ளப் பிரதியும் காவலன் கைத் திறப்பும்

பிறர் உழைப்பைத் திருடி விற்பவன் கள்வன் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஒருவன் ஆண்டுக்கணக்காகக் கண் விழித்து எழுதிய நூலை, மற்றொருவன் ஒரு மாலைப் பொழுதிற் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடுகிறான். பல நூறு தொழிலாளர் உழைத்து எடுத்த திரைப்படம், கொட்டகைக்கு வந்த அன்றிரவே கைத்தொலைபேசியில் இலவசமாக ஓடுகிறது. எழுதுவோன் வயிற்றில் அடிக்கும் இச்செயலை, நானும் எழுதுபவன் என்ற முறையில், ஒருபோதும் நியாயப்படுத்தேன். ஆயினும், இக்களவைத் தடுப்பதற்கென அரசாங்கங்களும் பெரும் நிறுவனங்களும் கைக்கொள்ளும் வழிகளை நோக்குமிடத்து, கள்வனைக் கண்டு எழும் அச்சத்திலும் காவலனைக் கண்டு எழும் அச்சமே எனக்குப் பெரிதாக இருக்கின்றது. அதற்கான காரணங்களை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிப்புரிமை என்பது எழுத்தாளனைக் காக்கப் பிறந்த ஏற்பாடு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அதன் பூர்வீகமோ வேறு. 1557 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேரி அரசி, இலண்டன் மாநகரத்து நூல் வணிகரும் அச்சகத்தாரும் சேர்ந்த சங்கத்துக்கு ஒரு பட்டயம் வழங்கினாள். நாட்டில் எதை யார் அச்சிடலாம் என்ற ஏகபோக உரிமை அச்சங்கத்துக்குக் கிடைத்தது. அதற்குப் பிரதியாக, அரசுக்கும் மதபீடத்துக்கும் ஒவ்வாத நூல்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் பணியைச் சங்கம் ஏற்றது. வீடு புகுந்து சோதனையிடவும் அச்சியந்திரத்தைப் பறிமுதல் செய்யவும் அதற்கு அதிகாரம் இருந்தது. வணிகருக்கு வேண்டியது இலாபம். அரசுக்கு வேண்டியது மௌனம். இவ்விரண்டும் கைகோத்த அந்த உடன்படிக்கையில் எழுத்தாளனுக்கு இடமே இருக்கவில்லை.

1643 இல் பாராளுமன்றம் அச்சுக்கு முன் அனுமதி வேண்டும் எனக் கட்டளையிட்டபோது, அதனை எதிர்த்து மறு ஆண்டிலேயே கவிஞன் மில்டன் எழுதிய 'அரியோபஜிற்றிக்கா' இன்றும் படிக்கப்படுகின்றது. 1662 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் 1695 இற் புதுப்பிக்கப்படாமற் காலாவதியாயிற்று. அதன் பின்னரே, 1710 இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசி காலத்துச் சட்டம், புதிய நூலின் உரிமை அதனை இயற்றியவனுக்கே 14 ஆண்டுகளுக்கு உரியது என்றும், அவன் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் நீடிக்கும் என்றும் விதித்தது. அரசின் வாயிற்கதவு வீழ்ந்த பின்னரே எழுத்தாளனின் உரிமை எழுந்தது என்பது இதிலிருந்து புலனாகும். இவ்வரிசையை மறத்தலாகாது. ஏனெனில், இன்று நாம் காண்பது இதன் மறுதலை. எழுத்தாளனின் உரிமை என்ற பெயராலேயே பழைய வாயிற்கதவு மீண்டும் நாட்டப்படுகின்றது.

ஒரு களவை இருவகையில் எதிர்கொள்ளலாம். களவாடியவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, அவன் பக்க நியாயத்தையும் கேட்டு, குற்றம் நிறுவப்பட்டபின் தண்டிப்பது ஒன்று. களவுப் பொருள் போகக்கூடும் என்பதற்காகத் தெருவையே அடைத்து, தெருவின் திறப்பை ஒரு காவலன் கையிற் கொடுத்துவிடுவது மற்றொன்று. முன்னையது மெதுவானது, செலவு மிக்கது. பின்னையது எளிதானது. எளிதென்பதாலேயே அது ஆபத்தானது.

இரண்டாம் வழியைச் சட்டமாக்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் 2011 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்துப் பிரதிநிதி லமார் சிமித் கொணர்ந்த 'சோப்பா' மசோதாவும், செனற் சபையில் அதற்கு இணையாக இருந்த 'பிப்பா' மசோதாவும், வெளிநாட்டுக் களவுத் தளங்களை அமெரிக்கர் கண்ணிற் படாமல் மறைக்க வழிவகுத்தன. சட்டமா அதிபர் நீதிமன்றக் கட்டளையொன்றைப் பெற்றுவிட்டால், இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் அத்தளத்தின் பெயரை இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிலே தேடுவோர்க்குக் காட்டலாகாது. தேடுபொறிகள் அதனைச் சுட்டலாகாது. பணம் செலுத்தும் நிறுவனங்கள் அதனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்த வேண்டும். இணையத்தை ஆக்கிய முன்னோடிகள் உட்பட 83 பொறியியலாளர், பெயர்ப் பதிவேட்டிற் கைவைப்பது வலைப்பின்னல் முழுவதன் நம்பகத்தையும் கெடுக்கும் என எச்சரித்துக் காங்கிரசுக்குக் கடிதம் எழுதினர். 2012 ஜனவரி 18 ஆந் திகதி ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுவதும் தன் பக்கங்களை மறைத்துக்கொண்டது. அன்று அதன் கறுப்புப் பக்கத்தைக் கண்டோர் 16 கோடிக்கு மேற்பட்டோர். இரண்டு நாட்களில் இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. பின்னர் அவை எழவேயில்லை.

மக்கள் வென்றனர் என்று அன்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால், அந்த எதிர்ப்புக்கு மறுநாளே நிகழ்ந்ததை நோக்குக. ஹொங்கொங்கிற் பதிவான 'மெகாஅப்லோட்' என்ற சேமிப்புத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. உரிமையாளருக்கு 50 கோடி டொலருக்கு மேல் நட்டம் விளைத்ததாகக் குற்றஞ்சாட்டியது. நியூசிலாந்துப் பொலிசார் ஹெலிகொப்ரரில் வந்திறங்கி, ஒக்லாந்துக்கு அண்மையிலுள்ள மாளிகையில் அதன் நிறுவனர் கிம் டொட்கொம்மைக் கைது செய்தனர். அத்தளத்தில் களவுப் படங்கள் ஏராளம் கிடந்தன என்பது மெய். ஆயின் அங்கே தம் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தோரும் இருந்தனர். ஒஹாயோ மாநிலத்தில் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடித்துப் பிழைத்த ஒருவர், தாம் எடுத்த படங்களைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஏறினார். ஆண்டுகள் கழிந்தும் அவை அவர் கைக்கு வரவில்லை. பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்டவர்கள், தன் படைப்புக்குத் தானே உரிமையாளனான ஒருவனைத் தெருவில் விட்டனர். இதிலும் பெரிய முரண்பாடு உண்டோ?

நியூசிலாந்தில் நடந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. அந்நாட்டின் ஒற்றுச் சேவை தன் நாட்டுப் பிரசைகளையும் நிரந்தர வதிவாளரையும் வேவு பார்த்தலாகாது என்று சட்டம் தடுத்திருந்தது. வதிவுரிமை பெற்ற டொட்கொம்மை அது வேவு பார்த்தமை வெளிப்பட்டது. 2012 செப்ரெம்பரில் பிரதமர் ஜோன் கீ மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்ட அரசு அடுத்துச் செய்தது யாது? 2013 ஓகஸ்டில், 59 வாக்குகளுக்கு எதிராக 61 என்ற சொற்பப் பெரும்பான்மையாற் சட்டத்தைத் திருத்தி, தன் மக்களையும் வேவு பார்ப்பதற்கு அச்சேவைக்கு வழி திறந்தது. சட்டத்தை மீறிய கையை அடக்குவதற்குப் பதிலாகக் கைக்கேற்பச் சட்டம் நீட்டப்பட்டது. பாட்டும் படமும் களவு போன ஒரு வழக்கில் தொடங்கிய கதை, ஒரு நாட்டு மக்கள் அனைவரின் அந்தரங்கத்திலும் வந்து முடிந்தது. அதேவேளை, முறைப்படி நடந்த விசாரணையில் டொட்கொம்மின் கூட்டாளிகள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023 இற் சிறைத்தண்டனை பெற்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தின் வழி நெடியதாயினும், அது சென்றடையும் வழி என்பதற்கு இதுவே சான்று.

சோப்பா மாண்டதாயினும் அதன் ஆவி மாளவில்லை. இத்தாலியில் 2023 ஆம் ஆண்டின் 93 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 'பைரசி ஷீல்ட்' என்னும் பொறி 2024 பெப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. உதைபந்தாட்ட ஒளிபரப்புரிமை பெற்றோர் ஒரு முகவரியை அப்பொறியில் இட்டுவிட்டால், இணைப்பு நிறுவனங்கள் 30 நிமிடத்துள் அதனை அடைத்தல் வேண்டும். அடைக்கப்படுபவனுக்கு முன்னறிவித்தலும் இல்லை. அவன் சொல்லைக் கேட்பாரும் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒரு நாள், கூகிளின் கோப்புச் சேமிப்புத் தளத்துக்குரிய முகவரியொன்று இவ்வாறு அடைபட்டது. மாணவரும் வணிகரும் தம் ஏடுகளைத் திறக்க முடியாது தவித்தனர். ஒரு பந்தாட்டத்தைக் காக்க ஒரு நாட்டின் எழுதுமேசை பூட்டப்பட்டது. 1557 இன் சங்கத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது? அன்றும் வணிகன் சுட்டினான், அரசு அடைத்தது. இன்றும் அவ்வாறே. அன்று கதவை உடைக்க ஆள் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு விசையை அழுத்தினாற் போதும்.

"அப்படியாயின், நூற்றுக்கணக்கான கள்ளத் தளங்களின் பின்னால் எழுத்தாளன் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைவதா? ஒரு தளத்தை மூடினால் மறுநாள் பத்து முளைக்கின்றனவே" என்று கேட்போர் உளர். இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. ஆட்டம் முடிந்தபின் வரும் தீர்ப்பினால் ஒளிபரப்பாளனுக்குப் பயன் இல்லைதான். ஆனால், அடைப்பு எந்த அளவுக்குக் களவை நிறுத்தியது? இசைத்தொழிலின் அனுபவம் இதற்கு விடை கூறும். 1999 இன் பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அதன் வருமானம் சரிந்தவண்ணம் இருந்தது. வழக்குகள் எத்தனையோ தொடுத்தும் சரிவு நிற்கவில்லை. சிறு சந்தா செலுத்தி எப்பாட்டையும் எந்நேரமும் கேட்கலாம் என்ற வசதி பரவியபின்னரே வருமானம் மீண்டும் ஏறிற்று. நேர்வழி எளிதாகவும் கைக்கெட்டிய விலையிலும் கிடைக்குமாயின், பெரும்பாலான மக்கள் குறுக்கு வழியை நாடார். எஞ்சிய வணிகக் கள்வனுக்கு நீதிமன்றம் இருக்கின்றது.

நம் நாட்டுக்கும் இதிற் பாடம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழ்நாளிலும் அவன் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் உரிமையைப் பாதுகாக்கின்றது. தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். வேண்டுமென்றே மீறுவோனுக்குத் தண்டனையும் உண்டு. குறைவாக இருப்பது சட்டமன்று, அதனை நாடுவதற்கான எளிமையே. மறுபுறத்தில், தெருவை அடைக்கும் வித்தையில் நம் அரசாங்கங்கள் எவர்க்கும் பின்னிற்கவில்லை. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரல் உயிர்த்த ஞாயிறு அனர்த்தத்தின் பின்பும், 2022 ஏப்பிரலில் மக்கள் வீதிக்கிறங்கிய வேளையிலும் சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டன. 2024 ஜனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தடைசெய்யப்பட்ட கூற்று எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை, சனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்கிற்று. இத்தகைய பூமியிலே, கள்ளப் பிரதியைத் தடுக்கவென்று இன்னொரு திறப்பையும் வார்த்துக் கொடுப்போமாயின், அது கள்வன் வாசலில் மட்டும் நில்லாது.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரு நூலுக்கு ஒரே பிரதி, அதுவும் ஓரிடத்திலேயே இருப்பின் நேரும் கதியை அத்தீ நமக்குக் காட்டிற்று. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து ஏடுகளையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்துவருகின்றது. பிழையான முறைப்பாடொன்றின் பேரில், விசாரணையின்றி, 30 நிமிடத்துள் ஒரு நூலகத்தை அடைக்க வல்ல பொறி எவர் கையிலும் இருத்தல் நமக்கு நன்றன்று. நெருப்பில் வெந்தாலென்ன, விசையில் மறைந்தாலென்ன, வாசகனுக்கு இழப்பு ஒன்றே.

எழுத்தாளர் தம் உரிமைக்குப் போராடுதல் வேண்டும். கூலி கேட்பதில் நாணமில்லை. ஆனால், தம் பெயரால் வாயிற்கதவு நாட்டப்படுகையில் அதனை முதலில் எதிர்க்க வேண்டியவரும் அவரே. கள்வன் எழுத்தாளனின் ஊதியத்தைப் பறிக்கிறான். அக்கதவோ, ஒருநாள் அவன் எழுத்தையே வெளியே வரவிடாது தடுக்கும். ஊதியம் இழந்தவன் மீண்டும் எழுதிச் சம்பாதிக்கலாம். குரல் இழந்தவன் எதைக் கொண்டு தன் உரிமையைக் கேட்பான்?